வருகைப் பதிவேட்டில் முப்பத்தேழாம் எண்

கண்ணாடியின் வலது கம்பி ஆடுகிறது என்று என் மனைவி அதைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்ப்பவன். வீட்டு இழுப்பறையிலும் ஒரு குட்டித் திருப்புளி கிடக்கும். திருகை இறுக்கி முடிக்கும்வரை அவள் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றாள். தோள்பையிலிருந்து, அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கும் நாவல் எட்டிப் பார்த்தது. பக்க அடையாளத்துக்காக அதில் எங்கள் கடையில் கொடுக்கும் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியைச் செருகியிருந்தாள்.

"இன்னைக்குப் பதினோராம் அத்தியாயம். அவ உண்மையைச் சொல்றாளா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

"சொல்றாளா?"

"முப்பத்தாறு பேர் ஒரு வாரமா காத்துக்கிட்டிருக்காங்க. வீட்டுக்காரர்ங்கறதுக்காக உங்களை வரிசையில முன்னாடி விட முடியாது. சாயங்காலம் சொல்றேன்."

துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் தாடையில் ஓர் இடத்தைச் சவரம் செய்யாமல் விட்டிருப்பதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கடைசிப் பாடவேளைக்குச் சற்று முன்னால் ஆசிரியர் அறையில் சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். நான் கடையிலிருந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடியை மட்டும் என் கையில் கொடுத்தார்கள். திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. நாவலைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை.

நினைக்கத் தொடங்கியது பத்து நாள் கழித்து. அதற்குள் அது கல்வித் துறையின் பொருளாகியிருந்தது.

நாவல் இதுதான். எப்போதும் பனி மூடிய ஒரு தீவு. படகுகள் பாறையில் மோதாமலிருக்கப் படகுத்துறையில் ஒருவர் மணியடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் காய்ச்சலில் படுத்த நாளில் அவருடைய மகள் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறாள்; தூங்கிவிடுகிறாள். ஒரு படகு மோதுகிறது. படகுக்காரருக்கு ஒரு கால் போய்விடுகிறது. ஊர் கூடிக் கேட்டபோது அவள், மணிக்கயிற்றை ஆடு தின்றுவிட்டது என்று சொல்கிறாள். சொல்வதற்கு முன் கயிற்றின் நுனியைத் தானே பிய்த்தும் வைத்துவிடுகிறாள். அவளே புட்டியில் பால் கொடுத்து வளர்த்த ஆடு. அதை வேறு தீவுக்கு ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பத்தாம் அத்தியாயம் அதோடு முடிகிறது. என் மனைவி எனக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லிவந்ததும் அதுவரைதான்.

ஐந்தாம் வகுப்புக்கு அவள் இதைத் தினமும் கடைசிப் பத்து நிமிடம் வாசிப்பாள். வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பாள். "அவ நல்லவளா?" என்பதுதான் அநேகமாகக் கேள்வி. பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து, பிறகு நான்காகப் பிரிந்து சண்டை போடுவார்கள். எங்கள் கடையில் கண்ணாடி வாங்கிய ஒரு சிறுமி அந்த வகுப்பில் இருந்தாள். லென்ஸ் தடிமன் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு அவள் எழுந்து, "ஆட்டுக்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே டீச்சர்" என்றாளாம். அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முதலில் சொன்னது இதைத்தான்.

பிள்ளைகள் போட்ட அந்தச் சத்தம்தான் வினையாயிற்று. துறையின் திட்ட அலுவலர் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். வகுப்பில் சத்தம் கேட்கிறதே என்று கண்டிக்கப் போனவர், கண்டிக்க மறந்து முழுப் பத்து நிமிடமும் வாசலில் நின்றுவிட்டார். அலுவலகம் திரும்பியதும் தான் நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று யோசித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் 'குணநலக் கலந்துரையாடல் திட்டம்' பிறந்தது. என் மனைவியின் வகுப்பு மாதிரி வகுப்பு. நாவல் மாதிரிப் பொருள்.

திட்டத்துக்கு ஒரு படிவம் உண்டு. அதில் பதினாறு குணங்கள் அச்சாகியிருந்தன. உண்மை, பொறுமை, நேரந்தவறாமை என்று தொடங்கிப் பதினாறாவதாகப் 'பிற' என்று முடியும். ஒவ்வொரு நாளும் கலந்துரையாடலின் முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தக் குணம் எவ்வளவு வளர்ந்தது என்று அவள் குறிக்க வேண்டும். வளராதவர்களுக்குக் காரணம் எழுத வேண்டும். பத்து நிமிட வாசிப்புக்கு முக்கால் மணி நேர எழுத்துவேலை. அவள் அதைக்கூடச் செய்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "இந்தப் பையனுக்கு இன்னைக்கு பொறுமை அரை மார்க் குறைஞ்சிருக்குங்க, மழை பெஞ்சதால இருக்குமோ" என்று என்னையே கேட்பாள்.

அவள் செய்ய மறுத்தது ஒன்றுதான். ஒவ்வொரு கேள்விக்கும் விடைக்குறிப்பு கேட்டார்கள். ஏழாம் கேள்வி 'சிறுமி நல்லவளா?' என்பது. விடைக்கான இடத்தில் அவள் 'தெரியாது' என்று எழுதினாள். 'தெரியாது என்பது விடையாகாது' என்று திரும்பி வந்தது. 'பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்' என்று எழுதினாள். 'பேசி முடிக்க வேண்டிய தேதி எது?' என்று திரும்பி வந்தது. இப்படி ஏழு வாரம் போய் வந்தது.

கடைசியில் திட்ட அலுவலர் நேரில் வகுப்பைப் பார்த்து விடையை எழுதிக்கொண்டு போவதாக முடிவானது. அவர் வந்த நாள்தான் அவள் சரிந்த நாள். வகுப்பு நடக்கவில்லை. வந்தது வீணாகக் கூடாது என்று, மேசைமேல் இருந்த நாவலையும் அவளுடைய குறிப்பேட்டையும் ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். இதையெல்லாம் பிறகு தலைமையாசிரியை எனக்குச் சொன்னார். ஆம்புலன்சுக்கு வழிவிட அலுவலர் தன் வண்டியைத் தானே நகர்த்தினார் என்பதையும் நல்ல மனதோடு சேர்த்துச் சொன்னார்.

பத்தாம் நாள் துறையிலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. முதல் பத்தி இரங்கல். இரண்டாம் பத்தி: 'ஆசிரியை காலமானமையால், நிலுவையிலுள்ள ஏழாம் கேள்விக்கான விடைக்குறிப்பைச் சமர்ப்பிக்கும் பொறுப்பு அன்னாரின் வாரிசுதாரரைச் சாரும்.' வாரிசுச் சான்றின் நகலும் இணைக்க வேண்டும்.

எனக்கு விடை தெரியாது. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் சாயங்காலம் சொல்வதாக அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் சொல்லவிருந்தது அந்தப் புத்தகத்தில், மஞ்சள் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓரங்களில் பென்சிலால் எழுதும் பழக்கமும் அவளுக்கு உண்டு. புத்தகத்தை வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். கடைகளில் விசாரித்ததில், அதை வெளியிட்ட பதிப்பகமே மூடிப் பல வருடமாகிவிட்டது என்றார்கள்.

துறை அலுவலகத்தில் மூன்றாம் மாடி. நீளமான அறை, ஜன்னலோரம் இரும்பு நாற்காலிகள், சுவரெங்கும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள். எழுத்தர் வயதானவர், மரியாதையானவர். அவர் கண்ணாடி மூக்கின் நுனியில் சறுக்கிக்கொண்டே இருந்தது. மூக்குப் பட்டையை நான் சரிசெய்து கொடுத்தேன். அதற்கு நன்றியாக அலமாரியைக் காட்டினார். இரண்டாம் தட்டில் நாவல் இருந்தது. மேல் விளிம்பில் மஞ்சள் துணி ஒரு விரற்கடை வெளியே தெரிந்தது.

எடுத்துத் தர முடியாது என்றார். கோப்பு முடிந்தால்தான் அலமாரி திறக்கும். விடைக்குறிப்பு வந்தால்தான் கோப்பு முடியும். புத்தகத்தைப் படித்தால்தானே விடை எழுத முடியும் என்று கேட்டேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நியாயமான கேள்வி சார். எழுதிக் கொடுங்க, பதில் வரும்."

எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது. என் கேள்வி பெறப்பட்டதாக.

அதற்குள் விவகாரம் வளர்ந்துவிட்டது. என் மனைவியின் குறிப்பேட்டில், 'சிறுமி வேலை நேரத்தில் தூங்கினாள். பொய் சொன்னாள். ஆட்டின் மேல் பழி போட்டாள்' என்று இருந்தது. துறையின் விதிப்படி எந்தக் குணமும் ஒரு வருகை எண்ணுக்கு எதிரேதான் பதிவாக வேண்டும். எண் இல்லாமல் குணம் கிடையாது. வகுப்பில் முப்பத்தாறு பேர். ஆகவே தீவுச் சிறுமிக்கு முப்பத்தேழாம் எண் ஒதுக்கப்பட்டது. எண் ஒதுக்கியதும் அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. பதிவேட்டில் ஏறியதும் தினமும் பள்ளிக்கு வராதவளானாள். பதினைந்து நாள் வராதிருந்தால் பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். 'மணியடிப்பவர், துறைமுகம், தீவு' என்ற முகவரிக்கு அனுப்பினார்கள். முகவரி போதாது என்று திரும்பியது.

அப்படியொரு மாணவி எங்கள் பள்ளியில் இல்லை என்று தலைமையாசிரியை எழுதினார். இல்லாத மாணவியைப் பற்றி வகுப்பு நேரத்தில் விவாதித்தது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அவளை உள்ளவளாகவே நடத்தத் தொடங்கிவிட்டார். ஓய்வு பெற அவருக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது. காலையில் புது ஆசிரியை "முப்பத்தேழு" என்று கூப்பிடுவார். பிள்ளைகள் கோரஸாக, "மணியடிக்கப் போயிருக்கா டீச்சர்" என்பார்கள். கோரஸ் சொன்னதற்காக அனைவருக்கும் ஒழுக்கத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தது. கூட்டுமுயற்சியில் ஒரு மதிப்பெண் ஏறியது.

வகுப்பில் வாசிப்பு நின்றுபோனது. மாதிரிப் பொருள் அலமாரியில் இருந்ததால் அதற்குப் பதில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'ஒரு சிறுமி பொய் சொன்னாள். ஆடு பொறுமை காத்தது. நீதி: பொறுமை.' கலந்துரையாடலுக்கு எட்டு நிமிடம்; அதில் ஆசிரியர் பேச ஏழு, மாணவர்கள் ஒரே குரலில் பேச ஒன்று. மற்றப் பள்ளிகளுக்கும் இதுவே போனதாகவும் நல்ல பலன் தெரிவதாகவும் எழுத்தர் சொன்னார். நாவலைத் துறையில் யாராவது படித்தார்களா என்று கேட்டேன். அட்டையில் சிறுமியும் ஆடும் இருப்பதைப் பார்த்துத் தானேதான் அந்தச் சுருக்கத்தை எழுதியதாகச் சொன்னார்.

எட்டு மாதம் கழித்துத் திட்ட அலுவலர் என்னை வரச் சொன்னார். அன்பாகத்தான் பேசினார். தேநீர் வரவழைத்தார். என் மனைவியைப் பற்றி உயர்வாகச் சொன்னார். அன்று அந்த வகுப்பு வாசலில் நின்ற பத்து நிமிடம் தன் வாழ்க்கையிலேயே முக்கியமானது என்றும், அதனால்தான் அதை ஒரு படிவமாக ஆக்கியதாகவும் சொன்னார்.

"நாங்க கதைக்கு எதிரி இல்லைங்க. கதையில இருக்கற குணத்தை எடுத்துக்கிட்டு கதையைத் திருப்பிக் கொடுத்துடுவோம். உங்க வீட்டம்மா நல்ல டீச்சர். ஆனா தெரியாதுன்னு எழுதிட்டாங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு இடத்துலகூட தெரியாதுன்னு எழுதினதில்லை. தெரியாததை எல்லாம் எழுதியிருக்கேன், ஆனா தெரியாதுன்னு எழுதினதில்லை. அப்படி எழுதியிருந்தா இந்த நாற்காலிக்கு வந்திருக்க முடியுமா, சொல்லுங்க."

முடியாது என்றேன்.

அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முப்பத்தேழாம் எண் மாணவி பள்ளியை விட்டு விலகிவிட்டால், அவளைப் பற்றிய கேள்வியும் விலகிவிடும். கேள்வி இல்லாவிட்டால் விடை வேண்டாம். கோப்பு முடியும், புத்தகம் வரும். மாற்றுச் சான்றிதழுக்குப் பாதுகாவலர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவளை வகுப்புக்குக் கொண்டுவந்தவர் என் மனைவி. ஆகவே பாதுகாவலர் நான்.

சான்றிதழைப் பூர்த்தி செய்தே வைத்திருந்தார்கள். நன்னடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று இருந்தது. எழுத்தர் என் காதருகில் குனிந்து, வேறு எது போட்டாலும் விசாரணை வைக்க வேண்டியிருக்கும் சார், 'நன்று' போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

அதன் கீழே இன்னொரு தாள் இருந்தது. கோப்பு முடிப்பு அறிக்கை. இதிலும் ஒரு கையெழுத்து என்றார் அலுவலர். அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. திட்டம் தாமதமானதற்கு மேலிடத்தில் காரணம் கேட்டிருக்கிறார்களாம்.

தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் தட்டச்சு செய்திருந்தது: 'வகுப்பாசிரியையின் கவனக்குறைவு. மேற்படி ஆசிரியையிடம் விளக்கம் கேட்க இயலாததால், வாரிசுதாரரின் ஒப்புதல் பெறப்பட்டது.'

நான் இரண்டு முறை படித்தேன். லென்ஸ் தேய்ப்பவனுக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தால் முதலில் கண்ணாடியின் மேல்தான் சந்தேகம் வரும். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தேன்.

"அவ கவனக்குறைவா இருந்ததில்லைங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? தங்கமானவங்க. ஆனா பாருங்க, உயிரோட இருக்கற யார் பேரை எழுதினாலும் ஒரு குடும்பம் பாதிக்கப்படும். தலைமையாசிரியம்மா இருக்காங்க, ஓய்வு நெருங்குது. இதோ இவர் இருக்காரு, நானும் இருக்கேன். அவங்களை இனிமே யாரு என்ன பண்ணிட முடியும்? அவங்க பெரிய மனசுக்காரங்க. கேட்டிருந்தா அவங்களே சரின்னு சொல்லியிருப்பாங்க."

எழுத்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். துணி தெரிந்தது. சாவி மேசைமேல், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. மறுத்திருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: இன்னும் ஒரு கையெழுத்துப் போட்டால் இன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கும்.

போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை. அலுவலர் தன் பேனாவைக் கொடுத்தார். இரண்டாம் முறையும் போட்டேன்.

எழுத்தர் அலமாரியைத் திறந்து, புத்தகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்தார். ரசீது எழுதினார். அலுவலர் வாசல்வரை வந்தார். குணநலத் திட்டம் வெற்றிபெற என் மனைவி செய்த பங்களிப்பை ஆண்டறிக்கையில் குறிப்பிடுவதாகச் சொன்னார். குறிப்பிட்டும் இருந்தார், கவனக்குறைவு பதினெட்டாம் பக்கத்தில், பங்களிப்பு பத்தொன்பதாம் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்து மேசைமேல் புத்தகத்தை வைத்தேன். துணிக்கு இந்தப் பக்கம் இருந்ததை மட்டும் முதலில் புரட்டினேன். பென்சில் குறிப்புகள் நிறைய இருந்தன. எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பிள்ளை இங்கே சிரிப்பான் என்றெல்லாம். பத்தாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், ஆட்டைப் படகில் ஏற்றும் இடத்துக்கு நேரே, 'மெதுவாக வாசிக்கவும்' என்று எழுதியிருந்தாள். சிறுமி கரையில் நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள். அத்தியாயம் முடிகிறது. நான் மெதுவாகத்தான் வாசித்தேன்.

போன வாரம் பூதக்கண்ணாடி அவள் அம்மாவோடு கடைக்கு வந்தாள். இப்போது ஆறாம் வகுப்பு. பவர் கூடியிருந்தது. அவள் அம்மா பிரேம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மேசைக்கு வந்து நின்றாள்.

"டீச்சர் புத்தகம் உங்ககிட்ட வந்துடுச்சாமே அங்கிள். எப்படிக் கொடுத்தாங்க?"

"கேட்டேன், கொடுத்துட்டாங்க" என்றேன்.

"படிச்சீங்களா? அவ சொல்லிட்டாளா?"

லென்ஸ் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருப்பதுபோல் இருந்தேன். நின்ற பிறகும் அவள் அங்கேயே இருந்தாள்.

"இன்னும் இல்லம்மா."

"நீங்க படிச்சு முடிச்சதும் எனக்குத் தாங்க. எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அவ சொல்லியிருப்பான்னு சொல்றாங்க. பாதிப் பேர் ஆடு தானா திரும்பி வந்துடும்னு சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

தெரியாது என்றேன். அவள் கண்ணாடியை வாங்கி, விளிம்பில் தூசி இருக்கிறதா என்று பார்த்து, வழக்கம்போல் ஒரு மஞ்சள் துணியும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

புத்தகம் மேசைமேல்தான் இருக்கிறது. தூசி படியாமல் துடைக்கிறேன். துணி, பத்தாம் அத்தியாயம் முடிந்து பதினோராம் அத்தியாயம் தொடங்கும் இடத்தில், அவள் வைத்தபடியே இருக்கிறது.